ரவூப் மாமாவுக்குப் போன நோட்டீஸ்

சேசு மரி சூசை துணை

செம்பூர்

அன்பு மகன் ஜெப்ரிக்கு அம்மா எழுதுவது. நீயும் ஹெலனும் பாப்பாவும் அந்தக் கனடா குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆறி வருகிறது, என் முழங்கால் பழையபடிதான். உடம்புக்குக் குறையில்லை, மனசுதான் கொதிக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன், நீயும் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

மாடி வீட்டுப் பாத்ரூம் தண்ணீர் நம் சமையலறைச் சுவரில் இறங்குகிறது, அங்கே இருக்கிற ரவூப் பாய் தன் அக்கா மௌத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார், துக்க வீட்டில் போன் அடிக்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் பதமாக இரண்டு வரி போடு என்றுதானே அப்பா உன்னிடம் சொன்னார்? நீ என்ன அனுப்பினாய் என்று உனக்கே தெரியாது. எனக்குத் தெரியும். அக்காவை அடக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு அவர் மகள் சஃப்ரீன்தான் அந்த இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். அலட்சியமாம், நஷ்டஈடாம், கெடுவாம், தவறினால் போலீஸாம். கீழே அப்பா பெயரும் உன் பெயரும். மனிதர் துக்கம் கேட்க வந்தவர்களையும் விட்டுவிட்டு ரயில் ஏறி வந்து, ஆளைக் கூப்பிட்டுத் தரையை உடைத்துக் குழாயை மாற்றினார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என்ன பாய், அதுக்குள்ள வந்துட்டீங்க என்று சிரித்துக்கொண்டே மாடி ஏறினேன். "சொல்லுங்க மேடம்" என்றார். என்னை, மேடம் என்று! உன்னைப் பெற்றெடுக்க வலி வந்தபோது, முட்டளவு மழைத்தண்ணீரில் டாக்ஸியைத் தள்ளிக்கொண்டு போன மனுஷன்டா அவர். பிறகு சஃப்ரீன் போனைக் காட்டினாள். அப்பா கட்டுப்போட்ட கண்ணோடு மேலே வந்து பாய் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அவர், "சூசை, குழாய் ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதாதா? சாவி கொடுத்தனுப்பியிருப்பேனே. போலீஸ் எதுக்குப்பா?" என்றார்.

உன்னைக் கேட்டால், நான் எழுதலம்மா, ஏஐ எழுதிச்சு என்கிறாய். பெயர் யாருடையது? அனுப்பின விரல் யாருடையது? ஆபீஸ் மெயில் எல்லாம் அதுதான், பாப்பாவின் பள்ளிக் கட்டுரையும் அதுதான், எவ்வளவு நேரம் மிச்சம் தெரியுமா என்று பெருமை வேறு. மிச்சம் பிடித்த நேரத்தில் அதை ஒருமுறை படித்துப் பார்க்க முடியவில்லையா? மெஷினுக்கு ரவூப் பாய் யாரென்று தெரியாது, அதன் மேல் எனக்குக் கோபமில்லை. உனக்குத் தெரியுமே. பாப்பாவுக்கு எட்டு வயசு. தப்பும் தவறுமாக அவளே எழுதட்டும். இல்லையென்றால் நாளைக்கு அவளும் உன்னை மாதிரி, நான் இல்லை அது என்று கை காட்டுவாள்.

நாங்கள் மன்னிப்புக் கேட்டாயிற்று. உங்க மேல வருத்தமில்லை, அனுப்பினவன் பேசட்டும் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பார். கூப்பிடு. உன் தமிழ் தடுமாறினால் தடுமாறட்டும். எழுதிவைத்து வாசிக்காதே, எனக்குத் தெரிந்துவிடும்.

சளி பிடித்தால் பாப்பாவுக்குக் கற்பூரவள்ளி இல்லையென்றாலும் சுக்காவது தட்டிக் கொடு. மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். எனக்குப் பதில் போட வேண்டாம், முதலில் மாமாவிடம் பேசு.

கோபம் தீராத உன் அம்மா,
அன்னமேரி