ஹாரமின் கழுத்தில் நான் பார்க்காமல் விட்டது

மார்ச் 4

எழுதி வைக்கும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. நோட்டே, பொறுத்துக்கொள். வாய்விட்டுச் சொல்ல யாரும் இல்லாததால் எழுதுகிறேன்.

இன்று மூன்று வாரக் குழந்தை ஹாரமுக்குத் தைராய்டு ஸ்கேன் எடுத்தேன். குதிகாலில் எடுத்த இரத்தத்தில் தைராய்டு குறைபாடு தெரிந்திருக்கிறது, லேசாகத்தான். சுரப்பி கழுத்தில் தன் இடத்தில் இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். இடம் மாறியிருந்தால் உடனே மாத்திரை. தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

தன் அம்மா யோன்ஜுவின் மடியில் ஹாரம் தூங்கிக்கொண்டிருந்தாள். தோளுக்கு அடியில் துணியை உருட்டி வைத்துக் கழுத்தை நிமிர்த்தியிருக்க வேண்டும். எழுப்பச் சொல்ல எனக்குக் கூச்சம்.

"பிரசவம் ஆனதுலேர்ந்து மூணு வேளையும் கடல்பாசி சூப்புதான். மாமியார் பானை பானையா கொண்டாந்து ஊத்துறாங்க," என்றார் யோன்ஜு.

சீனியர் ஸொன்ஹ்வா அக்கா சிரித்தார். "அப்ப இதுவும் பாசிப் பாப்பாதான். பாசியில இருக்கற அயோடின் தாய்ப்பால்ல கூடிப்போய் தைராய்டு மந்தமாயிடுச்சு. வாண்டோ தீவுப் பொண்ணு, உனக்குத் தெரியாததா?"

தெரியும். அப்பாவும் அம்மாவும் கடலில் பாசிக் கயிறு இழுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். மூச்சுக்குழாயின் இருபக்கமும் வெளிறிய சதை தெரிந்தது. 'சுரப்பி இடத்தில் உள்ளது, சிறியது' என்று எழுதினேன். அதை நம்பி டாக்டர் சூப்பை நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடி இரத்தப் பரிசோதனை.

மார்ச் 5

அந்தச் சதை ஏன் அவ்வளவு வெளிறியிருந்தது?

மார்ச் 9

படங்களை மறுபடி பார்த்தேன். சுரப்பி இல்லாத கழுத்திலும் அப்படிச் சதை தெரியும், படித்திருக்கிறேன். சுரப்பி கழுத்துக்கு இறங்காமல் நாக்குக்குக் கீழே தங்கிவிடுவதும் உண்டு. தாடைக்கு அடியில் நான் கருவியை வைக்கவே இல்லை.

அக்காவிடம் சொல்லப் போனேன். "சாப்டியா?" என்றார். "சாப்டேன்க்கா" என்று திரும்பிவிட்டேன். ச்சீ. நானெல்லாம் ஒரு ஆளா?

மார்ச் 18

ஹாரமின் இரத்தத்தில் தைராய்டு அளவு இன்னும் மோசம்.

"சூப்பை நெஜமாவே நிறுத்துனீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு வாய்கூடக் குடிக்கல டாக்டர். என் கைச் சூப்பு விஷமாயிடுச்சான்னு மாமியார் கோவிச்சுக்கிட்டு ஊருக்கே போயிட்டாங்க."

யோன்ஜு அழவில்லை. குழந்தையின் காலுறையைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"டாக்டர், என் படம் தப்பு. தாடைக்கு அடியில நான் பாக்கல."

"எத்தனை நாளா தெரியும்?"

"ஒன்பது நாளா."

அவர் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

உடனே மறுபடி ஸ்கேன். துணியை உருட்டி வைத்தோம், ஹாரம் வீறிட்டாள். கழுத்து காலி. நாக்குக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு உருண்டை. பதினான்கு நாள் மாத்திரை இல்லாமல் போயிருக்கிறது. இன்றே ஆரம்பித்தார்கள்.

"சிரிச்சது நான்தானே," என்றார் ஸொன்ஹ்வா அக்கா.

ஏப்ரல் 2

அளவு சரியாகிவிட்டது. லேசான குறைபாடு என்பதால் பயமில்லை என்கிறார் டாக்டர். வளர்ச்சியை மட்டும் தொடர்ந்து கவனிக்க வேண்டுமாம்.

போகும்போது யோன்ஜு என் கையில் இரண்டு ஆரஞ்சுகளைத் திணித்தார். வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. லிஃப்ட் கதவு மூடப்போகும் நேரத்தில்தான் கேட்க முடிந்தது.

"ஹாரம் அம்மா, உங்க மாமியார் நம்பர் குடுப்பீங்களா? சூப்புமேல தப்பில்லன்னு நான்தான் அவங்ககிட்ட சொல்லணும்."