பதினொரு பெயர்கள்

செப்டம்பர் 3, புதன்

என் எழுத்து ஏறியும் இறங்கியும் போகிறது. பேனையை இறுக்கிப் பிடித்தும் கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. யார் கண்ணில் பட்டாலும் பொறுத்துக்கொள்ளட்டும். எழுபத்தொரு வயதில், பள்ளிவாசல் வகுப்பில், பதுர்தீன் மாஸ்டரிடம் பழகிய எழுத்து. என்ன சந்தோஷம்! பலாபத்வலையில் பஸ் போர்டு எல்லாம் இப்போது நானே வாசிக்கிறேன். இதில் எழுதுவதையும் சத்தமாக வாசித்துப் பார்க்கிறேன்.

பேத்தி ஸில்மியாவின் அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை ரிசல்ட் இந்தக் கிழமை வருமாம். மகன் அக்ரம் அவள் போட்டோவோடு பெனர் அடித்தே விட்டான், மெயின் ரோட்டில் கடைக்கு முன்னால் கட்ட. மருமகள் றிஸ்மியா மட்டும், ரிசல்ட் வரட்டுமே என்றாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

போனில் ரிசல்ட் திறபடவில்லை. பாஸானவர்களின் பெயரை ஸ்கூல் சுவரில் ஒட்டியிருக்கிறதாம். ஸில்மியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் போனேன். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தேன். பதினொரு பெயர்.

"கலந்தர் நானா மௌலவி ஆகிட்டாரே" என்று பக்கத்துக் கடை புஹாரி என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் பெயர் இல்லை. நான்தான் விட்டிருப்பேன் என்று மேலே இருந்து திரும்பவும் வாசித்தேன் — இன்னும் சத்தமாக.

முடிக்கும்போது அவள் கை என் கையில் இல்லை.

செப்டம்பர் 6

எழுத மனமில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பிள்ளை சோறு தின்பதில்லை. ஸ்கூல் என்றால் வயிற்றுவலி. இன்று தலை வாரும்போது றிஸ்மியா பார்த்திருக்கிறாள், இடது புருவத்தில் பாதி இல்லை. தானே பிடுங்குகிறாள். பத்து வயது.

அக்ரம் சத்தம் போட்டான். "புஹாரிட மகள் பாஸ். உனக்கு என்ன குறை வச்சேன்?" நாலு டியூஷன் கணக்கைச் சொன்னான். அவள் கண்ணைத் தூக்கவே இல்லை. ஓதின தண்ணி கொடுப்போம் என்று நான் சொன்னேன். றிஸ்மியா, அதையும் கொடுப்போம், டொக்டரிடமும் போவோம் என்றாள்.

செப்டம்பர் 18, வியாழன்

மாத்தளை கிளினிக். லேடி டொக்டர் சிங்களத்தில் அக்ரமிடம் ஒன்றுதான் கேட்டாராம்: மகள் கடைசியாக எப்போது விளையாடினாள்? இவனுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தானாம், தெரியவில்லையாம்.

டொக்டர் சொன்ன மருந்து: தினமும் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்கணும். படிப்பைப் பற்றிக் கேட்கக் கூடாது. மற்றப் பிள்ளையை இழுத்துப் பேசக் கூடாது. சேர்ந்து சாப்பிடணும். இவ்வளவுதானா என்று நினைத்தேன். என் மகனோடு நான் அப்படி ஒரு நாள் இருந்திருக்கிறேனா?

செப்டம்பர் 22

அக்ரம் ஆறு மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு வருகிறான். பாயில் கராம்பைக் கொட்டி அவளோடு காம்பு ஆய்கிறான். அவனுக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியாது பாவம்.

செப்டம்பர் 29

ஆறு நாள் அப்படியே. இன்று அவளே வாய் திறந்தாள்.

"வாப்பா, அந்த பெனர்ல என்ட போட்டோ இருந்ததா?"

"இருந்திச்சு மகள்."

"இப்ப?"

"கட்டவே இல்ல, சுருட்டி வச்சிருக்கு. அது நான் செஞ்ச பிழை. நீ ஒரு பிழையும் செய்யல்ல."

கராம்பை அப்படியே போட்டுவிட்டு அழுதாள். அவன் அழாதே என்று சொல்லவில்லை. மடியில் சாய்த்துக்கொண்டான்.

அக்டோபர் 3, வெள்ளி

நானும் போய்ச் சொன்னேன். "மூத்தாப்பா சத்தமா வாசிச்சது பிழை மகள்." தலையை ஆட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு தரம் வாசித்திருந்தால் போதாதா எனக்கு? ரெண்டாந்தரம் ஏன் வாசிச்சேன்?

அக்டோபர் 10, வெள்ளி

இந்தக் கிழமை மூன்று நாள் ஸ்கூல் போனாள். புருவத்தில் கறுப்பாகப் பொடிப்பொடியாக முளைத்திருக்கிறது என்கிறாள் றிஸ்மியா.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் கொஞ்சம் இருந்துவிட்டு வரும்போது குசினியில் சிரிப்புச் சத்தம். ரொட்டி வட்டமாக வரவில்லை என்று அக்ரமை ரெண்டு பேரும் பகிடி பண்ணுகிறார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பு. ஆசையாக உள்ளே போனேன். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

வெளியே வந்து மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் நின்றேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் சிரித்தாள். நல்லது.

வாற வெள்ளியும் எழுதுவேன். எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.