வரம்புக்கு மேலே

ஆகஸ்ட் 3, 2025

இன்றும் இவர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகவில்லை. நேற்று கம்பம்மெட்டு ஏற்றத்தில் மூச்சு முட்டி, ஜீப்பை ஓரங்கட்டி உட்கார்ந்துவிட்டாராம். கூட இருந்த பெண்கள்தான் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்.

இதய வால்வை மாற்றியாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் முறை வரத் தாமதமாகும். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் மதுரையில் தனியாரிடமே உடனே செய்துவிடலாம். எங்களுக்கு அட்டை கிடையாது. ஜீப் வருமானத்தையும் நான் நர்சரிப் பள்ளியில் வாங்குவதையும் சேர்த்தால் வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறோமாம். கொஞ்சம்தான் என்று சொன்னால் ஆபீசில் சிரிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 9

வரம்பை உயர்த்தி இன்னும் பல குடும்பங்களுக்குக் காப்பீடு தரச்சொல்லி கிராம சபையில் தீர்மானம் வைக்கிறேன் என்றார் பஞ்சாயத்துத் தலைவர். அது நிறைவேறினால், அதைக் காட்டி கலெக்டரிடம் இவருக்கு விலக்கு கேட்கலாமாம். வீடு வீடாகப் போனேன். யாரும் மறுக்கவில்லை. முருகம்மாள் அக்காவுக்கு அந்த அட்டையில்தான் ஆபரேஷன் நடந்தது. "என்னைய உசுரோட நடமாட விட்டதே அதுதான். வராம இருப்பேனா ஆத்தா?" என்றார்.

ஆகஸ்ட் 15

தோற்றுவிட்டது.

வாழைத்தார் வியாபாரி தங்கப்பாண்டியன்தான் ஆரம்பித்தார். "ஜீப்பு வச்சிருக்கவன் ஏழையாப்பா? எல்லாத்தையும் ஓசியில குடுத்தா எவன் ஒழைப்பான்?"

"ஒங்க தோட்டத்து மோட்டாருக்குக் கரண்டு காசா கட்டுறீக?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னபோது சிரித்தவர்களில் பாதிக்கு மேல் தூக்கவில்லை.

முருகம்மாள் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து கேட்டேன். "எல்லாத்துக்கும் குடுத்தா எங்களுக்கு உள்ளதையும் கொறச்சிருவாகன்னு சொன்னாக, தாயி." யார் சொன்னாக? தெரியாதாம்.

அதைக்கூட விடலாம். இவர்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுசன் கையை மடியிலேயே வைத்திருந்தார். எங்கள் மகள் திரிஷாவைப் பெண் கேட்டிருக்கும் வீட்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் ஊர்தான். எதிரே இருந்தாராம்.

"அவுக முன்னாடி நான் இல்லாதவன்னு கை தூக்கவா? நாளைக்குப் பொண்ணக் கட்ட வருவாகளா?"

தன் உசுருக்கே கை தூக்காத ஆளை வச்சுக்கிட்டு நான் ஊர்க்காரகள எங்கிட்டுப் போயித் திட்ட? பாவி மனுசா.

ஆகஸ்ட் 16

பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

செப்டம்பர் 4

மாப்பிள்ளை வீட்டார் வந்து திரிஷாவுக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். இவர் புது வேட்டியில் எல்லாரையும் சிரித்து வரவேற்றார். மூச்சு வாங்கியபோதெல்லாம் இருமுகிற மாதிரி காட்டிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவமாகவும் இருந்தது.

அக்டோபர் 12

அரசு ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் வரச்சொல்லியிருக்கிறார்கள். ஏறவே முடியாதவர், ஜீப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 29

போய்விட்டார். ஆறு நாளாகிறது. இன்றுதான் எழுத முடிகிறது.

எடுக்கிற அன்றைக்குத் தங்கப்பாண்டியன் வாசலில் நின்று சத்தம் போட்டார்: "ஒரு நல்ல மனுசனக் காப்பாத்தத் துப்பில்லாத கவர்மெண்டு!" சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். முருகம்மாள் அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. எல்லாரையும் வெளியே போகச் சொல்லவேண்டும் போலிருந்தது.

ஜனவரி 26, 2026

அதே தீர்மானம். இந்த முறை இவர் பெயரைச் சொல்லித் தொடங்கினாராம் தலைவர். ஒரு கை விடாமல் தூக்கினார்களாம். நான் போகவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் துக்கத்துக்கு வந்ததோடு சரி. அப்புறம் போனையும் எடுப்பதில்லை.

பிப்ரவரி 10

வாரிசுச் சான்றுக்காக வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனேன். மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனுசன்.

"காப்பீட்டுக்கும் எழுதிக் குடுத்துருங்கம்மா. சார் வருமானம் போயிருச்சுல்ல, இப்ப நீங்க வரம்புக்குள்ள வந்துட்டீக."

எழுதிக் கொடுத்தேன். திரிஷா பெயரையும் சேர்த்தேன்.