குறிப்பேட்டில் இல்லாத விளக்கு

ஜனவரி 9
நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. வானாய்வுக் கூடத்தில் முப்பத்தெட்டு வருஷமாகத் தொலைநோக்கியின் கூண்டைத் திறந்து மூடுகிறவன். எந்த இரவு மூட்டம், எந்த இரவு தெளிவு, எல்லாம் தேதியோடு மனசில் கிடக்கிறது. அங்கேயே தற்காலிக விஞ்ஞானியாக இருக்கும் மகள் இன்று பூரித்துப்போய் வந்தாள். அவள் அளந்த வாயு மேகத்தில் ஆக்சிஜன் அதிசயமாகக் குறைவாம். இனி வேலை நிரந்தரமாகிவிடும் என்கிறாள்.

ஜனவரி 11
மேகத்தின் வெளிச்சத்தைப் பிரித்தால் கோடு கோடாக வரும். எந்தக் கோடு எந்தச் சரக்கு என்று அவர்களுக்குத் தெரியும். ஆக்சிஜனுக்கு மங்கலாக ஒரு கோடு உண்டு. இவள் மேகத்தில் அது பலமாக இருக்கிறதாம்.
“கோடு பெருசுன்னா சரக்கும் நிறைய இருக்கணுமே?”
“இல்லப்பா. அந்தக் கோடு பெருசா இருந்தா வாயு பயங்கர சூடுன்னு அர்த்தம். சூடு ஜாஸ்தின்னா கொஞ்சூண்டு ஆக்சிஜனே பளபளன்னு எரியும்.”
எந்த இரவு எடுத்தது என்று கேட்டேன். நவம்பர் பதினாறு.
அந்த இரவு எனக்கு மறக்காது.

ஜனவரி 12
சொல்லிவிட்டேன். அன்று விருந்தினர் விடுதிக்குத் தளம் போட்டார்கள். ஒன்பதேகாலுக்கு மேஸ்திரி பாதரச விளக்கைப் போட்டான். பாதரசத்தின் கோடு அந்த மங்கல் கோட்டை ஒட்டியே விழும், நம் பழைய கருவிக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது — இதை எனக்குச் சொன்னதே இவள்தான். மேகத்தை எடுத்தது விளக்கு எரியும்போது; அதிலிருந்து கழிப்பதற்காக வெறும் வானத்தை எடுத்தது எட்டு மணிக்கே. அப்போது விளக்கு ஏது?
“கூடத்து ராத்திரிக் குறிப்பேட்டுல விளக்குன்னு ஒண்ணும் இல்லையேப்பா.”
“எழுதலைன்னா எரியலையா?”
அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. தெரிந்தே இருக்கிறாள்.
“நிரந்தர வேலைக்கான நேர்காணல் முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க.”

ஜனவரி 13
த்தூ.

ஜனவரி 15
மறுபடி அளந்து பார்க்கச் சொன்னேன். மேகம் ஓடியா போகப்போகிறது?
மனைவி குறுக்கே வந்தாள். “மேகம் அடுத்த வருஷமும் வரும். வேலை வருமா? பத்து வருஷமா தற்காலிகம் தற்காலிகம்னு தேயுறா. உங்க ஞாபகத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க.”
இதையும் எழுதுடி என்றேன். எழுதியிருக்கிறாள். நல்ல குடும்பம்.

ஜனவரி 22
இயக்குநர் கூப்பிட்டார். மகள் பக்கத்தில் நின்றாள்.
“பெரியவரே, குறிப்பேட்டை விட உங்களை நம்புறவன் நான். நவம்பர் பதினாறு, வெளியே ஏதாவது வெளிச்சம் இருந்துச்சா?”
அவள் தரையையே பார்த்தாள்.
“வயசாயிடுச்சு சார். ஞாபகமில்லை.”
யார் சொன்னது? என் வாய்தானா? வெளியே வந்ததும் தோளைத் தொட்டு, “தேங்க்ஸ்பா” என்றாள். வீட்டுக்கு வந்து அந்த இடத்தை நாரால் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். எரிகிறது.

பிப்ரவரி 4
ஆணை வந்துவிட்டது. வீடு முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 9
அலுவலகத்தில் கணக்கர், போன மாதம் மழை என்றைக்குப் பெய்தது என்று என்னிடம் கேட்டார். பக்கத்து மேசைக்காரர் முந்திக்கொண்டார்.
“அவர்கிட்ட எதுக்கு கேக்குறீங்க? அவருக்கு ஞாபகமெல்லாம் போச்சு. குறிப்பேட்டைப் பாருங்க.”
பதினெட்டாம் தேதி. நாலு மணிக்குப் பிடித்து ஐந்தேகாலுக்கு விட்டது.
நான் வாயைத் திறக்கவில்லை.