நீ கீழே வைத்த கத்தி

ஞாயிற்றுக்கிழமை தோறும் என் தோளில் கை போட்டு நடந்த சவரி மச்சானுக்கு,

வருகிற செவ்வாயோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. கோயிலில் உனக்குப் பூசை வைத்திருக்கிறார்கள். பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, உன் படம் போட்டுச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறாள் உன் மகள் ரெஜினா. "அப்பாவப் பத்தி நீங்க ரெண்டு வார்த்த சொல்லுங்க மாமா, நான் எழுதிக்கிறேன்" என்றாள்.

எனக்குத்தான் எழுத்து கிடையாதே. அதனால் குருசுக்குப்பத்தில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நீ உட்காரும் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நான் "வந்துட்டேன்" என்றால் அவள் "வந்துவிட்டேன்" என்று எழுதுகிறாளாம். டீச்சர் புத்தி போகுமா? அதனால் இந்தக் காகிதத்தில் நான் கொஞ்சம் படித்தவன் மாதிரி தெரிவேன். சிரிக்காதே.

ஆனால் புகழ்ந்து ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை, மச்சான். நீ உயிரோடு இருக்கும்போது உன்னிடம் ஒன்றை மறைத்தேன். அது ரெஜினாவுக்கும் தெரியாது. அவள் கையாலேயே அதை எழுத வைக்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன். என் சட்டைப் பையில் துணியில் சுற்றி ஒன்று இருக்கிறது. அதை வெளியே எடுக்க இன்னும் தைரியம் வரவில்லை. அதுவரை ஊர்க் கதை சொல்கிறேன், கேள்.

காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைக் கடை இப்போதும் போடுகிறார்கள். ஆனால் எங்கே பார்த்தாலும் துணியும் செல்போன் உறையும்தான். பழைய சாமான் விற்கிறவர்கள் நாலு பேர் மிஞ்சியிருப்பார்கள். நம் பூட்டுக்கடை பாய் இன்னும் அதே மூலையில்தான் தார்ப்பாய் விரிக்கிறார். துருப்பிடித்த பூட்டு, ஓடாத கடிகாரம், பித்தளைக் குழாய், எல்லாம் அப்படியே. என்னைப் பார்த்தால், "இன்னா பெரிசு, சொல்தா இல்லாம ஒண்டியா வர்றே? யார் கிட்டே சண்ட போடப் போறே?" என்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த உன்னைத்தான் இன்னும் 'சொல்தா' என்கிறார்.

நம்முடைய முதல் பேச்சே சண்டைதானே. ஆலையை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பிய வருஷம் அது. உருளையில் சுற்றிக்கொள்ளும் கழிவு நூலை அறுக்க இருபத்தைந்து வருஷம் இடுப்பில் பேனாக்கத்தி வைத்திருந்தவன் நான். வேலை போனதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கத்தி தேடிச் சந்தைக்கு வந்தேன். பாய் கடையில் ஒரு பழைய கத்தியை எடுக்கக் கை நீட்டினால், அதற்கு முன்னால் உன் விரல் அங்கே இருக்கிறது.

"முசியே, நான்தான் முதல்ல எடுத்தேன்" என்றாய். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன் மிடுக்கு.

"முசியேவும் இல்ல, மூசாவும் இல்ல. வுடுய்யா கைய" என்றேன் நான்.

பாய்தான் தீர்ப்புச் சொன்னார். முதலில் கையில் எடுத்தவருக்கே முதல் உரிமை. அவர் வேண்டாம் என்று கீழே வைத்த பிறகுதான் அடுத்தவர் தொடலாம். முப்பது வருஷத்துக்குக் கிட்ட அந்தச் சட்டத்தை நாம் மீறவில்லை. அன்றைக்கு நீ அந்தக் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் டீ வாங்கிக் கொடுத்தாய்.

இந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாக் கத்தியையும் சேர்க்கவில்லை ஐயா. மடக்குக் கத்தி, அதிலும் பழசு, அதிலும் எலும்புப் பிடி போட்டது. அந்தப் பிடியும் வழவழவென்று இருந்தால் வேண்டாம். அம்மி கொத்தினது மாதிரி முழுக்கப் பள்ளம் பள்ளமாகக் கொத்தியிருக்க வேண்டும். மாட்டுக் கால் எலும்பை மான் கொம்பு மாதிரி காட்டுவதற்காக வெள்ளைக்காரர்கள் அப்படிக் கொத்தி, சாயம் ஏற்றுவார்கள் என்று சவரிதான் சொன்னான். மடக்குக் கத்தியை அவன் பிரெஞ்சில் கனிஃப் என்பான். பெரிய வீடுகளைக் காலி செய்துகொண்டு பிரான்சுக்குப் போகிறவர்களின் மேசை அறையிலிருந்து அப்படி ஒன்றிரண்டு சந்தைக்கு வந்து சேரும்.

நல்ல எலும்பைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். பல்லில் தட்டினால் கல் மாதிரி 'டக்' என்னும். பிளாஸ்டிக் என்றால் மொத்தென்று கேட்கும். நான் பல்லில் தட்டித்தான் பார்ப்பேன். "அசிங்கம் புடிச்சவனே, எவன் மீன் அறுத்ததோ, வாயில வெக்கிறியே" என்று நீ திட்டுவாய். ஆனால் நீ எடுத்த கத்தியையும் என் பல்லுக்குத்தான் நீட்டுவாய். தகட்டின் அடியில் செதுக்கியிருக்கும் பேரை நீ படிப்பாய். எந்த ஊர்க் கத்தி, யார் செய்தது என்று சொல்வாய். கேட்டுக் கேட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம். இன்றைக்கும் உன் பெட்டியில் எது எந்த வரிசையில் இருக்கிறது, எதை எந்த மழைக்காலத்தில் எடுத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பிறகு உன் கண் போயிற்று. இடது கண்ணில் ஆரம்பித்தது, வலதையும் விடவில்லை. அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறுகூட நீ வீட்டில் இருக்கவில்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டு வருவாய். கத்தியில் பேர் இருக்கும், படிக்க ஆள் இருக்காது. "குருடனும் கைநாட்டும் கத்தி வாங்கப் போறாங்க, வழி வுடுங்கய்யா" என்று நீயே தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாய். நீ சிரிப்பாய்.

இனிமேல் சொல்லப்போவதுதான், ரெஜினா. நிறுத்தாமல் எழுது.

நீ போவதற்கு முந்தின வருஷம், தூறல் விட்ட ஒரு ஞாயிறு. தார்ப்பாய் ஓரத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. பாய் எவனிடமோ கடிகாரத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நீ குந்தி உட்கார்ந்து கையால் துழாவினாய். பூட்டுக் குவியலுக்கு அடியிலிருந்து ஒன்று உன் கையில் வந்தது.

அப்படி ஒரு கத்தியை நான் பார்த்ததே இல்லை, மச்சான். விரல் நீளத்துக்கு மேல் இருக்கும். ரெண்டு தகடு. பனைவெல்ல நிறத்தில் பிடி. கொத்து ஒவ்வொன்றும் மழை விழுந்த மணல் மாதிரி. கட்டை விரல் படுகிற இடம் மட்டும், எவனோ ஐம்பது வருஷம் பிடித்ததில் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. வால் பக்கம் ஓரத்தில் ஒரு விள்ளல் உடைந்திருந்தது, பிறை மாதிரி.

நீ தடவிக்கொண்டே இருந்தாய். உன் கட்டை விரல் அந்தத் தேய்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

"என்னாடா கலியா, எலும்பா?" என்று என் வாய்ப்பக்கம் நீட்டினாய்.

குனிந்து பல்லில் தட்டினேன். 'டக்' என்றது. கல்.

"தூ, பிளாஸ்டிக்கு. சாயம் அடிச்சு வெச்சிருக்கான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இத்தனை நாளாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். முப்பது வருஷமாக நல்லதெல்லாம் உன் கைக்கே முதலில் வந்தது. கண் இருந்தபோதும் உன் கைக்கு, கண் போன பிறகும் உன் கைக்கு. ஒன்றே ஒன்று எனக்கு வரக் கூடாதா என்று தோன்றிற்று. நீ கீழே வைத்தால்தானே நான் தொடலாம். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை, நீ குருடன் என்பதுகூட.

நீ உடனே வைத்துவிடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாய். பிறகு, "அப்படியா" என்றாய். தார்ப்பாய் மேல் மெதுவாக வைத்தாய். தூக்கிப் போடவில்லை. பிளாஸ்டிக் கத்தியை எவனாவது அப்படி வைப்பானா?

உன்னை வீட்டில் விட்டுவிட்டு மத்தியானமே திரும்பிப் போய் அதை வாங்கினேன். என் வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். ஒரு நாளும் ஆற அமரப் பிடித்துப் பார்க்க முடியவில்லை. தகட்டைத் திறந்து மூடினால் எழும் சத்தம் முதலியார்பேட்டையிலிருந்து உனக்குக் கேட்டுவிடுமோ என்று இருக்கும்.

அதற்குப் பிறகு நீ ஒவ்வொரு வாரமும் கேட்டாய். "ஏதாவது சிக்குச்சாடா? எங்கிட்ட காட்டறதுக்கு ஒண்ணும் இல்லயா?"

"ஒண்ணும் இல்ல மச்சான்."

நான் பேச்சை மாற்றுவேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அதையேதான் கேட்டாய். நானும் அதே பதிலைத்தான் சொன்னேன். ரெண்டாம் நாள் போய்விட்டாய்.

போன வாரம் ரெஜினா என்னைக் கூப்பிட்டு உன் பெட்டியைத் திறந்து காட்டினாள். பழைய வைன் பெட்டி. உன் ராணுவக் கம்பளியை மடிப்பு மடிப்பாக ஒட்டி, ஒவ்வொரு கத்திக்கும் அதனதன் அளவுக்குக் குழி வெட்டி வைத்திருப்பாயே, அதுதான். எல்லாம் இருந்தன. கடைசி வரிசையில் ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது.

"இது எதுக்கு மாமா? கண்ணு தெரியாம தடவித் தடவி ஒரு வாரம் வெட்டுனாரு. கைல ரெண்டு எடத்துல காயம். யாருக்குப்பா இந்த எடம்னு கேட்டா, 'வரும்'னு மட்டும் சொன்னாரு" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். விரல் நீளத்துக்கு மேல். வால் பக்கம் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வளைவு.

ஒரே ஒரு தரம் கையில் பிடித்த கத்தி. அளவு மறக்கவில்லை, விள்ளல் மறக்கவில்லை. எலும்பு இல்லாத கத்திக்கு உன் பெட்டியில் இடமே கிடையாது. அப்படியென்றால் உனக்குத் தெரியும். பல்லில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டதே, காதாலேயே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த உனக்குக் கேட்காமலா இருக்கும்?

தெரிந்தும் ஏன் கீழே வைத்தாய்? அங்கேயே "டேய் திருட்டுப் பயலே" என்று என்னை ஒரு அறை அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஆசை என்று விட்டுக்கொடுத்தாயா? இல்லை, நானாக எடுத்துக்கொண்டு வருவேன் என்று பார்த்தாயா? வாரா வாரம் நீ கேட்டது கத்தியையா, என்னையா? குழி வெட்டி வைத்துக்கொண்டு எத்தனை ஞாயிறு உட்கார்ந்திருந்தாய், மச்சான்?

போன வாரம் ரெஜினாவிடமும் "தெரியலம்மா" என்றுதான் சொன்னேன். அதுவும் பொய்.

இப்போது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது ரெஜினா. நீ நிறுத்தியதையும் எழுது.

சட்டைப் பையிலிருந்து எடுத்துத் துணியைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டேன். அவள் தொடவில்லை. எழுந்து போய் உன் பெட்டியை எடுத்து வந்தாள். திறந்தாள். "நான் வெக்க மாட்டேன் மாமா. அவரு காத்துக்கினு இருந்தது உங்களுக்குத்தான். நீங்களே வைங்க" என்றாள். கோபமாகச் சொன்னாளா, அழுகையாகச் சொன்னாளா, எனக்குப் பிடிபடவில்லை.

வைத்தேன். உட்கார்ந்துவிட்டது. விளிம்பில் மயிரிழைகூட இடைவெளி இல்லை.

இதைப் புத்தகத்தில் போடலாமா என்று கேட்டேன். "அப்பாவுக்குத் தெரிஞ்சதுதான? மத்தவங்களுக்கும் தெரியட்டும்" என்கிறாள். அதனால் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் காற்றில் கீல் இறுகிவிடும். மாதம் ஒரு தரம் வந்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போகிறேன். என் வீட்டில் இருக்கிற மற்றதும் எனக்குப் பிறகு இந்தப் பெட்டிக்குத்தான். பேரனிடம் சொல்லிவிட்டேன். மேலே ஏதாவது சந்தை போடுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. போட்டால் நீதான் முதலில் எடுப்பாய், என் வாய்ப்பக்கம் நீட்டிக் கேட்பாய். எத்தனை ஆசையாக இருந்தாலும் இந்தத் தரம் சரியாகச் சொல்வேன். இப்போதே சொல்லிவிடுகிறேனே.

எலும்புதான், மச்சான். நல்ல எலும்பு. கீழே வைக்காதே.

இப்படிக்கு,
உன் தோளுக்காரன், ரெஜினாவின் மாமன்,
கலியன்
(கையெழுத்துத் தெரியாது. இடது கட்டை விரல் வைத்திருக்கிறேன்.)