போதும் என்று சொல்லும் வரை

அன்புள்ள மகன் யோஷிகிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ரியோகோவும் நலம்தானே? இங்கே குளிர் வந்துவிட்டது. கணப்பு மேசையை எடுத்துக் கூடத்தில் போட்டாயிற்று. என் முழங்கால் போன மாதத்துக்குப் பரவாயில்லை. ஜெர்மனிக் குளிரில் உனக்கு இருமல் என்றாயே, நின்றதா? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்பாய். பதில் கடிதத்திலாவது உண்மையை எழுது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது பார். முழுவதும் படி.

நீ எனக்கு ஒரு வேலை சொல்லியிருந்தாய். கயோகோவோடு விவாகரத்து ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவள் இன்னும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம் வீட்டுக்கு வந்து போவது நன்றாக இல்லை, புத்தாண்டுக்கு ரியோகோவை அழைத்து வரும்போது சங்கடமாகிவிடும், நீயே பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடு என்றாய். நானும் சரி என்றேன். அன்றைக்கு எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரியோகோ என்ன பாவம் செய்தாள்? புதிதாக வருகிற வீட்டில் பழைய மருமகள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனால் வீட்டில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் ஸ்டூல் மேல் ஏறிக் கூடத்து விளக்கை மாற்றிக்கொண்டிருப்பாள். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு "இனிமேல் வராதேம்மா" என்று சொல்லவா? விழுந்து வைத்தாளானால்?

அந்தச் சமயத்தில் அவளே போன் செய்தாள். ககுராசாகா சந்துக்குள் இருக்கிற அந்தக் கோழிக் கடை நினைவிருக்கிறதா? மூங்கில் குச்சியில் கோழியைக் கோத்துக் கரியில் சுட்டுத் தருகிறவர்கள், பெயர்ப்பலகைகூட இல்லாத கடை. போனால் அங்கேதான் போக வேண்டும் என்று நீ நச்சரித்து, விவாகரத்துக்கு முன்பே நம் மூவருக்குமாக அவள் இடம் சொல்லி வைத்திருந்தாள். இப்போதுதான் முறை வந்ததாம். "மூணை ரெண்டா மாத்திட்டேன். வர்றீங்களா?" என்று கேட்டாள். சரி, அங்கே வைத்துச் சொல்லிவிடலாம், நாலு பேர் நடுவில் இருந்தால் அழுகை கிழுகை இருக்காது என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன்.

பேர் பெற்ற கடையாயிற்றே என்று அந்தச் சாம்பல் நிறக் கிமோனோவைக் கட்டிக்கொண்டு போனது என் புத்தி. ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

பத்துப் பேர் உட்காரலாம், அவ்வளவுதான் கடை. வழுவழுப்பான வெள்ளை மரப் பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் கரி அடுப்பு, அதன் முன்னால் முதலாளி குரோகி. என் வயதுதான் இருக்கும். ஒரு கையில் விசிறி, ஒரு கையில் குச்சிகள். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. நல்லவேளை நீ வரவில்லை. குச்சியிலிருந்து கறியைச் சாப்ஸ்டிக்கால் உருவித் தட்டில் போட்டுச் சாப்பிடுவாயே, அந்த மனிதர் உன்னை விசிறியாலேயே அடித்திருப்பார்.

கயோகோ என்னைப் பார்த்ததும் எழுந்து குனிந்து வணங்கி, "வாங்க ஹிசானோ-சான்" என்றாள். பன்னிரண்டு வருஷம் அத்தை, அத்தை என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். வெளியாள் கூப்பிடுகிற மாதிரி பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பையைக் கீழே இருந்த கூடையில் வை என்று கடைப் பெண் சொல்லியும் வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்ததும் குரோகி கடை வழக்கத்தைச் சொன்னார். "இங்க மெனு கெடையாதும்மா. கோழியில ஒவ்வொரு பாகமா சுட்டு வெச்சுக்கிட்டே இருப்பேன். நீங்க 'போதும்'னு சொல்ற வரைக்கும் நிறுத்த மாட்டேன். சொன்னீங்கன்னா சூப்பு வரும், அதோட சரி."

எனக்கு வசதியாகப் போயிற்று. போதும் என்று சொல்வது, சூப் வருவதற்குள் உன் விஷயத்தையும் சொல்லிவிடுவது, குடித்துவிட்டு எழுந்து அவரவர் ரயிலைப் பிடிப்பது. மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன்.

முதலில் நெஞ்சுக்கறி வந்தது, உள்ளே லேசாக இளஞ்சிவப்பு. அப்புறம் வெங்காயத்தாள் வைத்துக் கோத்த தொடை. அப்புறம் தோல். யோஷிகி, அந்தத் தோலைப் பற்றி என்ன சொல்ல! வெறும் உப்புதான். பல்லில் பட்டதும் நொறுங்கி, மறு நிமிஷம் நெய்யாகிவிட்டது. ஐயோ, இத்தனை வருஷம் தோல் என்று நாம் எதைத் தின்றோம் என்று நான் சொல்ல, கயோகோ சிரித்துவிட்டாள். பிறகு கழுத்து, ஈரல், கறுப்புச் சாற்றில் முக்கியெடுத்த கொத்துக்கறி உருண்டை. தின்ற குச்சியை மூங்கில் குவளையில் போட்டு நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும்.

நடுவில் ஒன்றே ஒன்று வந்தது. குச்சி நுனியில் விளக்குப் போலத் தொங்குகிற, முட்டையாகாத மஞ்சள் கரு. "இன்னிக்கு இது ஒண்ணுதான் இருக்கு. யாருக்குன்னு நீங்களே பேசிக்குங்க" என்று குரோகி எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அவள் பக்கம் தள்ளினேன். அவள் என் பக்கம் தள்ளினாள். கடைசியில், "ஆறிப்போயிடும், பிடிவாதம் பிடிக்காதீங்க" என்று அதட்டி என் கையில் கொடுத்துவிட்டாள். போன பிப்ரவரியில் நான் பனியில் வழுக்கி விழுந்து கிடந்தபோது, கஞ்சிக் கிண்ணத்தை நீட்டி அதட்டினாளே, அதே அதட்டல். வாயில் போட்டேன். மஞ்சள் கரு உடைந்தது. என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், உசத்தியான கடை பார், புகையையே இழுத்து வெளியே விட்டுவிடுகிறார்கள்.

கைக்குட்டை தர அவள் பையைத் திறந்தாள். கூடவே ஊதாத் துணியில் முடிந்த சின்ன முடிச்சு ஒன்று பலகையில் விழுந்து கிணுகிணு என்றது. அவசரமாக எடுத்து உள்ளே போட்டாள். எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா? நம் வீட்டுச் சாவியில் அவள் கட்டிய மணி அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் அந்தச் சத்தம் கேட்டதும்தானே நான் அடுப்பில் கெட்டில் வைப்பேன்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள். நான் என்ன சொல்ல வந்தேன் என்று, நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. கிமோனோவின் இடுப்புப் பட்டை வேறு இறுக்கி உயிரை வாங்கியது. ஆனால் போதும் என்ற சொல் வாயிலிருந்து வரவில்லை. வந்தால் சூப் வரும், அப்புறம் நான் சொல்ல வேண்டும், அவள் சாவியை எடுக்க வேண்டும். அவளும் சொல்லவில்லை. கோழிக்குஞ்சு போலக் கொறிக்கிறவள், யோஷிகி, குருத்தெலும்பைக் கடகடவென்று கடித்துத் தின்றாள்! இறக்கை வந்தது, தின்றோம். இதயம் வந்தது, தின்றோம். வால் பக்கத்துக் கொழுப்பு வந்தது, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அதையும் தின்றோம். பக்கத்து ஆட்கள் போய் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. நாங்கள் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் குரோகி விசிறியைக் கீழே வைத்தார். எங்கள் முன்னால் வந்து குனிந்தார். "மன்னிக்கணும்மா. உங்களுக்குன்னு சுட என்கிட்ட இனிமே ஒண்ணுமே இல்ல. எல்லாப் பாகமும் ஆயிடுச்சு. இன்னும் கேட்டீங்கன்னா நான்தான் அடுப்புல ஏறிப் படுத்துக்கணும்" என்றார். முகத்தில் அப்போதும் சிரிப்பில்லை.

கயோகோவுக்குத்தான் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. "என்னால ஒரு வாய்கூட முடியல, அத்தை" என்றாள்.

அத்தை என்று சொல்லிவிட்டாள்.

சூப் வந்தது. குடித்து முடித்துவிட்டு அந்த ஊதா முடிச்சை எடுத்துப் பலகையில் வைத்து, இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினாள். இப்போது நான் சொல்ல வேண்டிய இடம். ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் இருந்தது. ஆனால் நான் சொன்னது இதுதான்: "சாவிய எதுக்கு வெளியில எடுக்கறே? எங்கயாவது தொலைக்கப்போறே. உள்ள வை. ஞாயித்துக்கெழமை வரும்போது ஒரு முள்ளங்கி வாங்கிட்டு வா, பெரிசா."

 அவள் முடிச்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பையைக் கீழே கூடையில் வைத்தாள்.

ஆக, நீ சொன்ன வேலையை நான் செய்யவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, யோஷிகி. உங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை, பிரிந்தீர்கள். அது உங்கள் பாடு. ஆனால் நான் அவளிடமிருந்து விவாகரத்து வாங்கவில்லையே. ரியோகோவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. மறைக்காதே. அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்க மாட்டேன். அவளுக்குப் பிடித்த பண்டம் என்ன என்று எழுது, செய்து வைக்கிறேன். உன் பழைய அறையில் புது மெத்தை போட்டாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள். இருமலுக்கு இஞ்சி போட்டுக் குடி. நீங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக, நீண்ட காலம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் உன் அப்பா படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். புத்தாண்டுக்குக் கட்டாயம் வாருங்கள். எந்த நாள் வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். அன்றைக்கு என் மகள் வருவாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா
ஹிசானோ