மார்பில் குத்திய அட்டை

பொழியூர்,
12.6.1995

மாதா துணை.

பிரியமுள்ள பேரன் சிபினுக்கு,

நான் அஞ்சாம் கிளாஸ் படிச்சவளாக்கும். என் எழுத்தை நானே எழுதுவேன். அணுமின் நிலையத்து வாசலில் நீ நிற்கிற போட்டோ கிடைத்தது. சட்டையில் குத்தியிருக்கிற அந்த அட்டை என்ன மக்கா? கடலுக்குப் போகையில் உன் அப்பன் கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு போட்டுவிடுவேனே, அதுபோலக் கதிர் படாமல் காக்கிற சாமானம் என்று பக்கத்து வீட்டு ராஜபாயிடம் சொல்லிவிட்டேன். "உங்க பேரன் அணுகுண்டா உண்டாக்குதான்?" என்று கேலி பேசுகிறாள். "போடீ, கரண்டாக்கும்" என்றேன். அங்கே என்னத்தை எரிக்கிறீர்கள்? எழுது, அவள் வாயை அடைக்கணும். ஆகஸ்டில் உன் அப்பன் செத்த நாளுக்கு ஆண்டுப் பூசை உண்டு. வந்துவிடு.

அம்மச்சி

குவார்ட்டர்ஸ்,
25.6.1995

அன்புள்ள அம்மச்சிக்கு,

இங்கே எதையும் எரிப்பதில்லை. யுரேனிய அணுவில் நியூட்ரான் என்ற பொடித்துகள் மோதினால் அணு பிளக்கும், சூடு பிறக்கும். அதிலிருந்து தெறிக்கிற துகள்கள் அடுத்த அணுக்களைப் பிளக்கும். இதுதான் தொடர்வினை. அது கைமீறாமல், துகள்களை விழுங்குகிற தண்டுகளை இறக்கி அடக்குவோம். அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிச் சக்கரத்தைச் சுழற்றும், கரண்டு வரும். ராஜபாய் அக்காளிடம் சொல்லுங்கள்.

அட்டை காக்காது, அம்மச்சி. உள்ளே சின்ன வில்லைகள் உண்டு. மாசக் கடைசியில் சூடாக்கினால், நம்மேல் பட்ட கதிருக்குத் தக்க வெளிச்சம் விடும். அதை அளப்பார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் உலையை நிறுத்திக் குழாய் பழுது பார்க்கிறோம். நிறுத்தினாலும் பிளந்த துண்டுகளிலிருந்து கதிர் வந்துகொண்டேயிருக்கும். உள்ளே போகிறவர்களில் நானும் உண்டு. லீவு கிடைக்காது.

சிபின்

பொழியூர்,
8.7.1995

மக்கா சிபினே,

கடல் உன் அப்பனைத் திருப்பித் தந்தபோது முகம் இல்லை. நீ சின்னப்பிள்ளை, உனக்குக் காட்டவில்லை. என் கையால் தைத்த உத்தரியத்தைப் பார்த்துத்தான் "இது என் மவன் பத்ரோசு" என்று சொன்னேன். அதுவும் காக்கவில்லை. ஆளைக் காட்டித் தந்தது.

உள்ளே போகாதே. அம்மச்சிக்குச் சுகமில்லை என்று ஆபீசரிடம் சொல்லு. பொய்யில்லை. பூசைக்கு வா.

அம்மச்சி

குவார்ட்டர்ஸ்,
20.7.1995

அம்மச்சிக்கு,

நான் விலகினால் கூட வேலை பார்க்கிற கனகதாஸ் போகணும். அவன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள். நான்தான் போகிறேன். அளவு மீற விடமாட்டார்கள். அட்டையை அளந்து வந்ததும் எழுதுகிறேன். கோபப்படாதீங்க.

சிபின்

பொழியூர்,
20.10.1995

மக்கா,

பூசை முடிந்தது. கடல் இன்னும் ரெண்டு வீட்டை எடுத்தது. உன் எழுத்து வரவில்லை. தபால்காரன் எலியா நம்ம வாசலில் சைக்கிளை வேகமாக மிதிக்கிறான். ராஜபாய் கேலியை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயம். உன் வில்லையில் வெளிச்சம் குறையணும் என்று மெழுகுதிரி ஏற்றுகிற கிழவி இந்தக் கோயிலில் நான் ஒருத்திதான்.

வரச் சொல்லி இனிக் கேட்கமாட்டேன். வில்லை எவ்வளவு மின்னியது என்று மட்டும் எழுது. கூடுதல் என்றாலும் ஒளிக்காதே. முகம் இல்லாத பிள்ளையை உத்தரியம் பார்த்துப் பேர் சொல்லி வாங்கினவளாக்கும் நான்.

உன் அம்மச்சி